நைனா மூடிய கிழக்குக் குழி

செஞ்சியில் இந்த நினைவு மலரை அச்சிடும் அச்சகத்தில் இரங்கல் வாசகங்கள் தயாராகவே இருக்கின்றன. 'அனைவரையும் நம்பிய வெள்ளை உள்ளம்' என்ற வரியை நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் படத்துக்குக் கீழே போட்டுக் காட்டினார்கள். எடுத்துவிடச் சொன்னேன். படிக்கப்போகிறவர்கள் நைனாவுடன் பழகியவர்கள்.

நைனா அவலூர்பேட்டை சாலையில் ஒரு சிற்றூரில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே போய்விட, தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, வளர்த்ததும் அவரே. பாகம் பிரித்தபோது ஏர் இறங்காத கற்கொல்லை நைனாவுக்கு வந்தது. அதன் கிழக்கே இருந்த நிலம் சித்தப்பாவுக்கு. சில வருடம் கழித்து அந்தக் கல்லுக்கே விலை இருப்பது தெரிந்து, நைனா குத்தகை உரிமம் வாங்கிக் குவாரி தொடங்கினார்.

செஞ்சிக் கோட்டை நிற்கிற பாறை, பூமிக்குள் உருகிக் கிடந்து ஆறியது என்கிறார்கள். ஆறும்போது கடைசியில் மிஞ்சிய குழம்பு வெடிப்புகளில் புகுந்து, அவசரமில்லாமல் இறுகிப் பெரிய கட்டிகளாகுமாம்: நடுவில் குவார்ட்ஸ் என்கிற வெள்ளை வெங்கச்சங்கல், ஓரங்களில் இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார். முன்னது கண்ணாடிக்கும் பின்னது பீங்கானுக்கும் டைல்ஸுக்கும் போகிறது. இதையெல்லாம் படித்துவிட்டு வந்து நைனாவிடம் விளக்கினேன்.

"எழுதுனவன் உள்ள எறங்கிப் பாத்தானா?" என்றார். என் படிப்பின் மேல் அவருக்கிருந்த மதிப்பு அவ்வளவுதான்.

எந்தக் கல்லையும் உடைத்து வெயிலில் திருப்பிப் பார்க்காமல் நம்ப மாட்டார். உடைந்த முகம் கண்ணாடி போலத் தட்டையாக மின்னினால் ஃபெல்ஸ்பார். பாட்டில் சில்லு போல உடைந்தால் வெங்கச்சங்கல். மனிதர்களை உடைத்துப் பார்க்க முடியாததால் யாரையும் நம்பவில்லை. லாரி கிளம்பினால் பின்னாலேயே மொபெட்டில் போவார். நான் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும், "அவங்க ஏன் உடனே சரின்னாங்க?" என்றுதான் கேட்டார். இன்றுவரை எனக்கும் அது விளங்கவில்லை.

பூமிக்குள் கல் ஓட்டம் கிழக்கே, சித்தப்பா நிலத்தை நோக்கிப் போனது. ஒருநாள் நைனா கிழக்குக் குழியில் வேலையை நிறுத்தி, கழிவுக் கல்லைக் கொட்டி மேடுவரை மூடிவிட்டார். கேட்டதற்கு, "ஆடு விழுந்துடும்" என்றார். அந்தப் பக்கம் ஆடு மேய்ந்து யாரும் பார்த்ததில்லை.

சித்தப்பா அன்றே முடிவு கட்டிவிட்டார். "எல்லையத் தாண்டி என் கல்லத் தின்னுட்டு, தடயம் தெரியாம மூடிட்டான்!"

அதன்பின் அண்ணன் தம்பி பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே சந்தேகம்தான். ஊரைச் சந்தேகப்படச் சொல்லி வளர்த்தவர், வீட்டை மட்டும் விலக்கவில்லையே.

கல் தூசி நைனாவின் நெஞ்சில் தங்கிவிட்டது. கடைசி நாட்களில் மூச்சுக்குத் திணறினாலும் சலைன் பாட்டிலை வெளிச்சத்தில் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே கையை நீட்டினார். அவர் மறைந்த அன்று சித்தப்பா தெருமுனையிலேயே நின்று, மாலையைக் கொடுத்தனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

தலைத்திவசம் நெருங்கியது. அம்மாவுக்கு ஒரே ஆசை, கொழுந்தனார் வந்து இலையில் உட்கார வேண்டும். அழைக்கப் போனேன்.

"குழியத் தோண்டிக் காட்டு, வரேன்" என்றார் சித்தப்பா.

"தோண்டி, எடுத்திருக்கார்னு தெரிஞ்சா?"

"அப்பவும் வரேன். ஆனா எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் சாப்புடுவேன்."

அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எடுத்திருந்தா எடுத்தாருன்னு ஒத்துக்கலாம். தோண்டு" என்றார். குரல் உறுதியாக இருந்தது. முந்தானையைத்தான் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

ஜேசிபி வந்தது. சித்தப்பா தன் நிலத்தில், எல்லைக்கல்லின் மேல் ஒரு காலை வைத்து நின்றார். அதையும் நாங்கள் நகர்த்திவிடுவோம் என்ற பயம். கழிவுக் கல் விலக விலக எனக்கு வியர்த்தது. மதியம் குழியின் கிழக்குச் சுவர் தெரிந்தது. முழுக்க இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார், உளி படாமல். அதற்கும் எல்லைக்கல்லுக்கும் நடுவே ஒருவர் காலடியில் ஒருவராக நாலு ஆள் படுக்கலாம். எல்லையோரம் இடம் விட வேண்டும் என்று விதி உண்டு. எங்கள் பக்கம் அதை விட்டவரை நான் பார்த்ததில்லை. நைனா விட்டிருந்தார்.

சித்தப்பா இறங்கினார். நம்பிக்கையில்லாமல் ஒரு சில்லைப் பெயர்த்து, உடைத்து, வெயிலில் திருப்பினார். மின்னியது.

"நல்ல கல்லுடா. இத இன்னாத்துக்கு மூடுனான்?"

அவரே யோசித்து, முகம் சிவந்தார்.

"நான் வந்து அந்தப் பக்கத்துலேருந்து பேத்துடுவேன்னு மூடியிருக்கான்! பாத்தியாடா உங்க நைனாவ? என்ன நம்பல!"

கத்திக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "சரி, மூடிடு. எவனாச்சும் எடுத்துடப் போறான்" என்றார். மறுபடி மூடினோம். மூடி முடியும்வரை அவரும் நானும் அங்கேயே நின்றோம். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

நைனா மறைந்த அன்று வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அழுத, குவாரியில் கல் பிரிக்கும் பெண்களுக்கும், தோளில் சுமந்த உறவினர்களுக்கும், சமையலைத் தலைமேல் ஏற்றுக்கொண்ட பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இந்த மலர் உங்கள் கையில் இருக்கும் நேரம் சித்தப்பா முதல் பந்தியில் இருப்பார். பக்கத்தில் உட்காருகிறவர்கள் தயவுசெய்து குழிப் பேச்சை எடுக்க வேண்டாம். அண்ணன் தன்னை நம்பவில்லை என்று ஆரம்பிக்கிறார், முடிப்பதற்குள் அழுதுவிடுகிறார்.