நிறைமாத ராணிக்கு ஒரு கோப்பி

மலாயாவின் அவசரகாலத்தில் ஊரடங்குக்கு முன்பே நாடகம் முடிந்தாக வேண்டும். அதனால் நிறைமாத ராணியாக நடிக்கவிருந்த நான், எங்கள் லயத்து வீட்டிலேயே சேலை கட்டி, வயிற்றில் தலையணை வைத்துக்கொண்டு, கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு லோரி ஏறினேன். தோட்டத்துக் கேட்டில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று சோதனை. போலீஸ்காரர் என்னைப் பெண்கள் வரிசைக்குத் தள்ளிவிட்டார். வாயைத் திறந்தால் ஆண்குரல். தலையணை சிக்கினால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

சோதனை செய்த அக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“நெறமாசத்துல லோரியிலயா வர்றது? ஒன் புருசனுக்கு அறிவில்ல? உக்காரு லா!”

தன் நாற்காலியையும் கோப்பியையும் தந்தார். தலையைக் குனிந்து குடித்தேன்.

சாயங்காலம் மேடையில் ராணிக்கு வலி வந்து அலறினேன். “ஐயோ, புள்ளத்தாச்சி!” என்று கூட்டத்திலிருந்து ஓடிவந்தவர் அதே அக்காதான். அவர் என்னைத் தாங்கிப் பிடித்ததில் தலையணை நழுவி விழுந்தது.

“ஆம்பளையா நீ? என் கோப்பியத் திருப்பிக் குடு லா!”

பிறகு என் கழுத்தில் எத்தனையோ மாலைகள் விழுந்தன. அந்தக் கோப்பிதான் நான் வாங்கிய பெரிய விருது.