தெத்துப்பல்லும் கித்தாத் துண்டும்

சென்ற வருடம் ஜித்ராவில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். மகன்தான் காரில் கூட்டிப் போனான். டாக்டர் சின்ன வயதுப் பெண், நம் தமிழ்ப் பிள்ளை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பஞ்சை வைத்து, "கடிச்சிக்கிட்டே உக்காருங்க பாட்டி" என்றாள். எதிர்ச் சுவரில் ஒரு படம். பந்து விளையாடுகிற ஒருவன் வாயில் ரப்பர் மாதிரி ஒன்றைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறான். அதைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சு மடியில் விழுந்தது.

"என்ன பாட்டி?"

வெளியாட்களிடம் எனக்குப் பேச வராது. ஆனாலும் அத்தனை வருடமாக மனசில் கிடந்ததை அன்று கேட்டுவிட்டேன்.

"அத வாயில வெச்சுக்கிட்டா கோணப் பல்லு நேராவுமாம்மா?"

"ஆவாது பாட்டி. அது மவுத்கார்ட். அடிகிடி பட்டா பல்லு ஒடையாம காப்பாத்தும், அவ்வளவுதான் லா. பல்லு நேராவணும்னா கம்பி போட்டு மாசக்கணக்குல கொஞ்சங் கொஞ்சமா நகத்தணும். இஷ்டத்துக்கு எதையாச்சும் செஞ்சு கடிச்சிக்கிட்டிருந்தா இருக்கற பல்லும் ஆட்டங் கண்டுடும். ஏன், யாருக்குப் பாட்டி?"

"சும்மாதான்" என்றேன். யாருக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் எனக்குப் பதினாறு வயது. மலாயாவின் கெடாவில் ஒரு கித்தாத் தோட்டத்தில் இருந்தோம். ரப்பரை நாங்கள் கித்தா என்றுதான் சொல்வோம். அம்மாவும் அப்பாவும் ஜப்பான் சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார்கள். அண்ணன், அண்ணி, நான் மூவரும் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போன பிறகு பாதிக் கித்தாக் காட்டில் பால் வெட்டுவதே நின்றுபோனது. சோறும் நின்றுபோனது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மாலையிலும் அதே கிழங்கு. ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணனுக்குக் கித்தாவைக் காய்ச்சி மண்ணெண்ணெய்க்குப் பதில் எரிக்கிற எண்ணெய் எடுக்கத் தெரியும் என்பதால் தோட்டத்துக் கித்தா ஸ்டோரிலேயே விட்டுவைத்தார்கள். அந்த ஒரு காரணத்தால் எங்கள் வீட்டில் அந்த நாளிலும் சிரிப்பு இருந்தது.

சிரிப்பு இருந்ததே தவிர, நான் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன். என் மேல்வரிசையில் முன்பல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பக்கத்துப் பல் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் இருந்தால் தெத்துப்பல் அழகு என்பார்கள். எனக்கு நட்ட நடுவில். தோட்டத்துப் பள்ளியில் நாலாவது படிக்கும்போது ஒருவன் 'தேங்காய்த் துருவி' என்று பெயர் வைத்தான். அன்று வாய்க்குப் போன கை இறங்கவே இல்லை. பேசினாலும் கை போகும் என்பதால் பேச்சையும் குறைத்துக்கொண்டேன்.

பெண்டாங்கில் ஓர் அரிசி ஆலைக்கு மாட்டுவண்டி ஓட்டுகிற ஒருவர் மாதம் இரண்டு தடவை எங்கள் தோட்டத்துக்கு வருவார். வண்டியில் தென்னோலைக்கு அடியில் கொஞ்சம் அரிசி ஒளிந்திருக்கும். அதைக் கொடுத்துவிட்டு அண்ணனிடம் எண்ணெய் வாங்கிப் போவார். வண்டியை நிறுத்தும்போதே பேச்சையும் ஆரம்பித்துவிடுவார்.

"எங்க மாடு ஜப்பான்காரன் காவலுக்கு நிக்கறதப் பாத்தா தானா தலைகுனியுதுக்கா. எனக்கு முன்னால அது கத்துக்கிச்சு. நான் லேட்டா குனிஞ்சதுக்கு எனக்குத்தான் அறை வுழுந்துச்சு."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் கதவுக்குப் பின்னால், கைக்குப் பின்னால் சிரிப்பேன்.

"உங்க நாத்தனாருக்கு என்னக்கா, வாயில கொழுக்கட்டையா?"

"அரிசி மாவுக்கு எங்க தம்பி போறது? இருந்தா கெழங்குதான் இருக்கும்."

ஒருநாள் அவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு மாதம் கழித்து அம்மாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் சந்தோஷமாக வந்து சொன்னதும் நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

"புடிக்கலியாடி?" என்றாள் அண்ணி.

"புடிச்சிருக்கு. அதான் அழுவறேன்."

அவர் என் பல்லைப் பார்த்ததே இல்லை. பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டால்? அதுதான் பயம்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கற பொண்ணுங்கள்லாம் ஜப்பான்காரனுக்குப் பயந்து மூஞ்சில கரியப் பூசிக்கிட்டுத் திரியுதுங்க. இவ ஒருத்திதான் அழகாவணும்னு அழுவறா!"

அண்ணன்தான் வழி சொன்னான். சண்டைக்கு முன் சுங்கை பட்டாணியில் குத்துச்சண்டை பார்த்திருக்கிறானாம். சண்டைக்காரன் வாயில் கித்தாத் துண்டு ஒன்றைக் கடித்திருந்தானாம். ஜெயித்ததும் அதைத் துப்பிவிட்டுச் சிரித்தானாம்.

"பல்லு ஒவ்வொண்ணும் கயிறு கட்டி நட்ட நிரை மாதிரி நேரா நின்னுச்சு. எப்படி வந்துச்சு? எல்லாம் அந்தக் கித்தாவாலதான்."

நிரை என்பது கித்தா மரங்களின் வரிசை. என் பல்லோ காட்டோரத்தில் தானாக முளைத்த மரம் மாதிரி. நம்பிவிட்டேன். நாங்கள் மூவருமே நம்பினோம். கித்தாவால் வண்டிச் சக்கரம், செருப்பு, விளக்குக்கு எண்ணெய் எல்லாம் ஆகிற காலத்தில் பல் ஏன் ஆகாது?

கித்தாப் பாலை உறைய வைக்கும் ஆசிட் அப்போது கிடைக்காது. அண்ணன் புளித்த தேங்காய்த் தண்ணீரை ஊற்றி ஒரு மங்குக் கிண்ணப் பாலை உறைய வைத்தான். தயிர்க் கட்டி மாதிரி இருந்ததை அண்ணி என் மேல்பல்லில் அப்பி, "கடி, இன்னும் கடி" என்று தாடையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் புளிப்பும் நாற்றமும் இப்போது நினைத்தாலும் வாயில் ஊறுகிறது. அதைக் கித்தாத் தகடு காயவைக்கும் புகைக்கூட்டில் தொங்கவிட்டார்கள். முதல் துண்டு காய்ந்து சுருங்கி, பூனைக்குத்தான் சேரும் போல ஆகிவிட்டது. இரண்டாவதைப் பெரிதாகச் செய்தார்கள். அது சுருங்கி, இறுக்கமாக உட்கார்ந்தது. பல் வலித்தது. "வலிச்சா நகருதுன்னு அர்த்தம்" என்றான் அண்ணன்.

நாற்பது நாள் கடித்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் "ம்". காட்டில் யாராவது கேட்டால் "ம்". "என்னா, பேச்சுக்கும் ரேஷன் வந்திருச்சா?" என்றார் கங்காணி. வாயெல்லாம் புகை வாசம். கிழங்கு தின்னும்போது மட்டும் கழற்றி, கழுவி, உடனே மாட்டிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அண்ணி ஒரு தென்னை ஈர்க்கை அந்த இரண்டு பல்லுக்கும் நடுவே விட்டுப் பார்ப்பாள். முதல் வாரம் நுழையவில்லை. மூன்றாம் வாரம் நுழைந்தது. ஐந்தாம் வாரம் சுளுவாகப் போய் வந்தது. "நகந்துடுச்சுடி!" என்று குதித்தாள். நானும் குதித்தேன். ஈர்க்கை அவள் வாராவாரம் கத்தியால் சீவிக்கொண்டு வந்தாள் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிந்தது.

பெண் பார்க்க வருகிற நாள் வந்தது. "கழட்டிடு" என்றாள் அண்ணி. நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். இழுத்த கித்தாவை விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும் அல்லவா? பல்லும் அப்படித்தான் என்று நினைத்தேன். இன்னும் ஒரு மணி நேரம் பிடித்து வைத்திருந்தால் போதும், அவர்கள் போன பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும்.

வண்டிக்காரரின் அம்மா சிறிய உருவம். வாயில் மூன்று நான்கு பல் இருந்தால் அதிகம், அதுவும் வெற்றிலைச் சிவப்பு. மடியில் ஒரு துணி மூட்டை. நான் வறுத்த சோளத்தில் போட்ட காப்பியைத் தட்டில் ஏந்திக்கொண்டு போய் நின்றேன்.

"பேரு என்னாம்மா?"

"ம்."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி ரொம்பப் பரிவாக, "முறுக்கு கடிப்பியாம்மா?" என்றார்.

என்ன கேள்வி இது? நான் முழித்தேன்.

"பரவால்லம்மா. கஞ்சியா வெச்சுக் குடிச்சுக்கலாம். எனக்கும் அப்படித்தானே போவுது" என்றார்.

அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பார்த்த வண்டிக்காரர் பேச்சை மாற்றினார். "வர்ற வழியில பாருங்கண்ணே, காவல்ல ஜப்பான்காரனே இல்ல, அவன் தொப்பிய மட்டும் கம்பத்துல மாட்டிட்டு ஒதுங்கப் போயிருக்கான். எங்க மாடு அந்தத் தொப்பிக்கும் ஒரு கும்புடு போட்டுச்சு. நானும் போட்டேன். எங்கம்மாவும் வண்டிய வுட்டு எறங்கிப் போட்டாங்க."

எனக்குச் சிரிப்பு பொங்கியது. இரண்டு கையிலும் தட்டு. மூட கை இல்லை. அடக்கி அடக்கிப் பார்த்தேன், வெடித்துவிட்டது. வாயிலிருந்து கித்தாத் துண்டு பறந்து, வெற்றிலைத் தட்டில் விழுந்து, கித்தா ஆயிற்றே, அங்கிருந்து துள்ளி அந்த அம்மாவின் மடியில் போய் உட்கார்ந்தது.

"ஐயையோ! பொண்ணுக்கு அண்ணம் கழண்டு வந்துடுச்சுடா!" என்று அலறினார் அந்த அம்மா.

நான் அப்படியே நின்றேன். வாய் திறந்தபடி. கோணல் பல் இரண்டும் வண்டிக்காரருக்கு நேராக. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மா! பல்லு இருக்கும்மா! எல்லாப் பல்லும் இருக்கு!"

"இருக்காடா?" அந்த அம்மா என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, ஒன்று இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணினார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "இவன் என்னா சொன்னான் தெரியுமா? பொண்ணு எப்பப் பாத்தாலும் வாய மூடிக்கிட்டே இருக்கு, முன்பல்லே கெடையாது போலருக்கு, இருந்தாலும் எனக்கு அதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னான். பல்லில்லாத புள்ள ஆச்சேன்னு நான் சேத்து வெச்ச அரிசியெல்லாம் மாவா இடிச்சுக் கொண்டாந்திருக்கேன்!"

மூட்டையை அவிழ்த்தார். வெள்ளை வெளேரென்று அரிசி மாவு. அந்தக் காலத்தில் அப்படி ஒரு மாவைப் பார்த்து எத்தனை மாதமோ.

"இது என்னாத்துக்கு?" என்று கித்தாத் துண்டைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் குத்துச்சண்டைக் கதையைச் சொன்னான்.

"அப்ப என் மருமவ குத்துச்சண்டைக்கா போவப் போறா?"

மருமகள் என்ற சொல் என் காதில் விழுந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வண்டிக்காரரிடம் நான் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"கோணையா இருக்கே."

"எங்க மாட்டுக் கொம்பும் ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படித்தான்" என்றார் அவர். "முட்டாம இருந்தாச் சரி."

அண்ணி அப்போதே அடுப்பை மூட்டினாள். வெல்லம் இல்லை. தேங்காயும் உப்பும் போட்டுப் பிடித்து அவித்தாள். ஆளுக்கு இரண்டு கொழுக்கட்டை. எனக்கு வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. சூடு தாங்காமல் ஊதி ஊதி ஒன்றைக் கடித்தேன்.

"இப்ப நெசமாவே வாயில கொழுக்கட்டை" என்றார் அவர்.

சிரித்தேன். வாயை மூட அன்றைக்கு ஒரு கையும் சும்மா இல்லை.