அரிசிக்குள் புதைத்த ஆறு டம்ளர்கள்

அரிசி நிறைந்த டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டால் மேலே வெதுவெதுப்பாகவும் அடியில் குளுகுளுவென்றும் இருக்கும்; விரல் இடுக்குகளில் அரிசி நழுவும்போது கூசும், வெளியே எடுத்த கையில் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கும். சின்ன வயதில் எனக்கு ரொம்பப் பிடித்த சுகம் அது. பத்து வயதில் ஒரு பிற்பகலில் அது கெட்டுப்போனது. இன்றைக்கும் அரிசி எடுக்க நான் படியைத்தான் விடுவேனே தவிரக் கையை விடமாட்டேன். வீட்டில் இருப்பவர்கள் இதை என் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுத்தமாவது ஒன்றாவது, பயம்தான்.

அப்போது நாங்கள் திருவரங்குளத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்பா சவூதியில் ஏசி மெக்கானிக். ஆறேழு வருடம் அங்கே வெயிலில் காய்ந்து அனுப்பிய காசில் திருக்கோகர்ணத்தில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாகச் சொந்த வீடு எழும்பியிருந்தது. பால் காய்ச்சிக் குடிபோவதற்காகவே லீவில் வந்திருந்தார். குடிபோன பத்தாம் நாள் மறுபடி விமானம் ஏறியாக வேண்டும். வரும்போது வாய் ஓரத்தில் தங்கக் கோடு போட்ட ஆறு கண்ணாடி டம்ளர்கள் கொண்டுவந்திருந்தார். அதுவரை எங்கள் வீட்டில் கண்ணாடி என்றால் சாமி படத்திலும் முகம் பார்ப்பதிலும் இருந்ததுதான். மற்றதெல்லாம் எவர்சில்வர், கீழே போட்டால் ஊரைக் கூட்டுமே தவிர உடையாது. புது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதல் காப்பி அந்த டம்ளரில்தான் என்று அம்மா எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

அவை வந்த அட்டைப்பெட்டியை மூன்று வயதுத் தம்பி பஸ்ஸாக்கி, உள்ளே உட்கார்ந்து ஓட்டி ஓட்டி நார்நாராகக் கிழித்திருந்தான். ஆகவே டம்ளர்களை எதில் வைத்துக் கொண்டுபோவது என்ற கேள்வி எழுந்தது. அம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வெறும் பாத்திரம் எதுவும் புது வீட்டுக்குள் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம். குடம் நிறையத் தண்ணீர், ஜாடி நிறைய உப்பு, டிரம் நிறைய அரிசி என்று எல்லாம் "நெறைவா" போக வேண்டும். டம்ளர் மட்டும் வெறுமனே போகலாமா? ஒவ்வொரு டம்ளரிலும் அரிசியை நிரப்பி, அந்த ஆறையும் அரிசி டிரம்முக்குள்ளேயே புதைத்துவிடுவது என்று அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அரிசி மெத்தை கணக்கா தாங்கிக்கிரும்டி. நெறைவா போனமாதிரியும் ஆச்சு, பத்திரமாவும் போயிரும்" என்றாள். பேப்பரில் சுற்றலாமா என்று கேட்டேன். பேப்பர் மை சாப்பிடுகிற அரிசியில் ஒட்டும் என்று அதற்கும் தடை. ஆக, ஒன்றுக்கொன்று நடுவில் துணிகூட இல்லாமல் ஆறு கண்ணாடி டம்ளர்கள். டிரம்முக்குள் ஆழமாகப் போகிற அளவுக்கு மெல்லிய கை என்னுடையதுதான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வீடு அவளை அப்படி மிரட்டி வைத்திருந்தது. நிலை வைத்த வாரம் தம்பிக்கு மஞ்சள்காமாலை வந்தது. கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று கொத்தனார் ஏணியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். அதனால் குடிபோகிற நாளும் அதற்கு முந்தின நாளும் யார் வாயிலும் அபசகுனமாக ஒரு சொல் வரக் கூடாது என்று கட்டளை போட்டிருந்தாள். "ஒடைஞ்சுச்சு, போச்சு, இல்லைன்னு எவளாச்சும் வாயத் தொறந்தீங்க, பாத்துக்கங்க. இன்னொன்னு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒங்கப்பாவ பிளேன் ஏத்தி அனுப்ப எனக்குத் தெம்பில்ல." வீட்டில் வாயைத் திறக்கக்கூடிய "எவள்" நான் ஒருத்திதான். அவள் புலம்பலாகச் சொன்னதை நான் அப்படியே சட்டமாக எடுத்துக்கொண்டேன்: நான் அந்த வார்த்தையைச் சொன்னால் அப்பா போகிற விமானத்துக்கு ஏதோ ஆகும்.

ஐந்து டம்ளர்கள் ஒழுங்காக உள்ளே போய்விட்டன. ஆறாவதைச் செருகும்போது அரிசி இடம் கொடுக்கவில்லை, கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். விரலால் துழாவியபோது ஐந்தாவது டம்ளரின் வழுவழுப்பான வாய் ஓரிடத்தில் சட்டென்று கூராக முடிந்து, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி தொடங்கியது. சில்லைத் தேடி அரிசியைக் கிளறக் கிளற எதுவும் கையில் அகப்படவில்லை. கொல்லைப்பக்கமிருந்து "முடிஞ்சிருச்சாடி?" என்று அம்மாவின் குரல். "முடிஞ்சிருச்சும்மா" என்றேன். அரிசியைத் தள்ளி மூடி, மேலே கையால் தட்டிச் சமப்படுத்தி, மூடியைப் போட்டேன்.

மறுநாள் விடியலில் மினி லாரி வந்தது. அதுவரை என் பயம் முழுவதும் ஒரு டம்ளரைப் பற்றியும் ஒரு விமானத்தைப் பற்றியும்தான். ஆலங்குடி ரோட்டில் லாரி குலுங்கிப் போகையில், குடுமியான்மலையிலிருந்து முந்தின நாளே வந்திருந்த பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, டிரம் மேல் கையை ஊன்றியபடி சாதாரணமாகச் சொன்னார்: "பால் பொங்குனதும் இந்த அரிசியிலதான் மொதப் பொங்கல் வைக்கணும்." நான் உடைத்தது டம்ளரை மட்டும் இல்லை, எல்லோரும் சாப்பிடப்போகிற சோற்றில் கண்ணாடியைக் கலந்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது.

புது வீட்டில் பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அத்தை டிரம்மைத் திறந்து, மேலாக இருந்த அரிசியில் இரண்டு படி அளந்து முறத்தில் கொட்டினார். "அத்தை, நான் கல்லு பாக்குறேன்" என்று ஓடிப்போய் முறத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். அரிசியும் வெள்ளை, கண்ணாடியும் வெள்ளை. கண் வலிக்கத் தேடியதில், ஒரு அரிசி நீளத்துக்கு ஒரு சில்லு மட்டும் வெளிச்சத்தில் மினுங்கியது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். "கடை அரிசித்தா, கல்லுலாம் கெடக்காது. நல்ல நேரம் முடியப்போகுது, கொண்டா இங்கிட்டு" என்று அத்தை முறத்தை வாங்கிப் போய்விட்டார். அரிசி களைகிற சத்தம் கேட்டது. பிறகு கொதிக்கிற சத்தம். வெல்லம் கரைகிற வாசனை வீடு முழுக்கப் பரவ, நான் அடுப்படி வாசலில் மூடிய கையோடு நின்றேன். சொல், சொல் என்று உள்ளே ஏதோ பிடித்துத் தள்ளியது. வாய் மட்டும் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாமிக்குப் படைத்து எடுத்ததும், பசியில் சிணுங்கிக்கொண்டிருந்த தம்பிக்கு அம்மா முதலில் ஊட்டினாள். ஒரு வாய். இரண்டு வாய். அப்பா இலையிலிருந்து எடுத்து ஊதிக்கொண்டே வாயருகே கொண்டுபோனார். அப்போதுதான் கத்தினேன்: "திங்காதீங்கப்பா! டம்ளர் ஒடைஞ்சுபோச்சு! அரிசியில கெடக்கு!" கையை விரித்துக் காட்டினேன். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அம்மா தம்பியின் வாய்க்குள் விரலை விட்டாள். வாயில் ஒன்றும் இல்லை, விழுங்கிவிட்டான்.

அப்பாவும் அம்மாவும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா வாயையும் தொண்டையையும் பார்த்து, காயம் தெரியவில்லை என்றும், மூன்று நாளைக்குப் பையனைக் கண்ணிலேயே வைத்திருக்கும்படியும், வயிறு வலித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ உடனே தூக்கிவரும்படியும் சொல்லி அனுப்பினாராம். திரும்பி வந்த அப்பா என்னை அடிக்கவில்லை. வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, டிரம் அரிசி முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, "ஒக்காரு" என்றார். நான், அப்பா, அத்தை மூவரும் மாலை வரை சலித்தோம். பொங்கலைக்கூட அப்பா தண்ணீரில் கரைத்து வடிகட்டினார். கிடைத்த சில்லுகளை உடைந்த டம்ளரின் வாயில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் பொருந்திவிட்டால் தம்பி வயிற்றில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நான் கொடுத்த சில்லும் பொருந்தியது. தங்கக் கோடு மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே வந்து, கடைசியில் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவுக்கு ஓர் இடைவெளியில் நின்றுபோனது.

அந்த இடைவெளியைப் போல என்னைப் பயமுறுத்திய ஒன்றை நான் பிறகு பார்த்ததில்லை. அப்பா மறுபடி திருவரங்குளத்துக்குப் போய், காலியாகக் கிடந்த பழைய வீட்டைக் கூட்டிப் பார்த்தார். வெறுங்கையோடு வந்தார். அதன் பிறகு புது வீட்டில் எங்களுக்கு இருந்த ஒரே வேலை, தம்பி எப்போது "ஆய்" போவான் என்று காத்திருந்து, போனதும் மூன்று பேர் குனிந்து பார்ப்பதுதான். அவனுக்கு ஏகப்பட்ட உபசாரம், சொந்தக்காரர்கள் கொண்டுவந்த வாழைப்பழமெல்லாம் அவனுக்கே. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவன் வயிற்றைப் பார்த்தபடியே இருந்தேன். அவன் இருமினால் எனக்கு வேர்த்தது.

அம்மா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, அவன் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்லடி?"

"நீதானம்மா சொல்லக் கூடாதுன்ன."

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். அப்பா குறித்த நாளில் விமானம் ஏறினார். போய்ச் சேர்ந்ததும் ஃபோன் செய்தார், விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த டம்ளர்களில் யாரும் காப்பி குடிக்கவில்லை. தம்பி இப்போது கோயம்புத்தூரில் இன்ஜினியர். "என் வயித்துல ஒரு கண்ணாடி இருக்குக்கா, பாத்து நடத்து" என்று இன்றும் என்னைக் கிண்டல் செய்கிறான்.

அந்த டிரம் இல்லை, அப்பாவும் இல்லை. திருக்கோகர்ணத்து வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மா என்னோடு திருச்சியில் இருக்கிறாள். போன மாதம் நாங்கள் வேறு வீட்டுக்கு மாறினோம். சாமான் கட்ட வந்த ஆட்கள் குமிழ்குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுருள் சுருளாகக் கொண்டுவந்து, கண்ணாடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோலச் சுற்றி அடுக்கினார்கள். ஒன்றும் உடையவில்லை. புது வீட்டில் அம்மாவின் துணிப்பையைப் பிரித்து அலமாரியில் அடுக்கும்போது, பழைய சேலை ஒன்றின் நடுவே ஏதோ கனத்தது. மடிப்பைப் பிரித்தேன். என் கண்ணாடிக் கிண்ணம், இரண்டு துண்டாக. அது உடைந்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வீடு மாறுவதற்கு முன்பே அதைக் காணோமென்று நான் தேடி, வேலைக்காரப் பெண்ணைக்கூடக் கேட்டிருந்தேன். அம்மா அருகிலேயே உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தேன். கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஒரு சத்தத்தில் எங்கள் வீட்டையே அடக்கிய அந்த அம்மாவைக் காணவில்லை. இடுப்பு வளைந்து, சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி நின்றாள்.

"சொல்லணும்னுதான்த்தா இருந்தேன். நீ வேற வேலை டென்சன்ல இருந்தியா... கத்துவியேன்னு பேசாம இருந்துட்டேன்."

அந்த முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். பத்து வயதில் அடுப்படி வாசலில் நின்றபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். உட்காரும்மா என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். என்னைக் கண்டு என் அம்மா பயப்படுகிறாள். இது எப்போதிலிருந்து என்று அவளிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.