சாட்சிக்கு இரண்டு பேர்

பழங்குடி மன்றத்தின் நோட்டீஸ்களைக் கொண்டு போய்ச் சேர்ப்பது அவர் வேலை. ஊரே அவரைப் ‘பசைவாளி’ என்றுதான் கூப்பிட்டது. இருபத்திரண்டு வருஷம் அந்த வாளியோடு அலைந்ததில், அவரைக் கண்டு முகம் மலர்ந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது.

பழங்குடி நிலத்தில் டயர்க்கடை போட்டவன், குத்தகை முடிந்து முப்பது வருஷமாகியும் அசையவில்லை. அவன் கடைக்குள் கால் வைப்பதில்லை என்று பழங்குடியினர் அத்தனை பேரும் சபதம் எடுத்திருந்தார்கள். சட்டமோ வேறு கணக்குப் போட்டது. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸைக் கையில் கொடுக்க வேண்டும். வாங்க மறுத்தால், இரண்டு சாட்சிகள் பார்க்கக் கதவில் ஒட்ட வேண்டும். பதினைந்து நாள் கழித்து விசாரணை. அதற்கப்புறம்தான் வெளியேற்றம்.

கடைக்காரன் நோட்டீஸை வாங்கவில்லை. “சாட்சிக்கு உங்காளுங்க ரெண்டு பேரு உள்ள வரட்டும், பார்க்கலாம்,” என்று டயருக்கு அடிக்கும் குழாயால் அவர் முகத்தில் காற்றைப் பீய்ச்சினான்.

மன்றத் தலைவர் அவருடைய அக்கா புருஷன்.

“ரெண்டு கையெழுத்தையும் நீயே போட்டுடு மாப்ள. எவன் கேக்கப் போறான்?”

“அவன் வக்கீல் கேப்பான் மாமா. கேஸு மறுபடி முதல்லேர்ந்து ஓடும்.”

“நீ யாரு பக்கம்டா?”

“எங்கப்பாவ இந்த மண்ணுலேர்ந்து தள்ளுனப்ப ஒரு துண்டுத்தாள்கூடக் குடுக்கல. நான் இவனுக்குக் குடுத்துட்டுத்தான் தள்ளுவேன்.”

விலை போய்விட்டான் என்று பேச்சு கிளம்பியது. அந்த வாரம் அக்கா வீட்டில் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. நச்சரித்து அக்காவையும் மாமாவையுமே சாட்சிக்குக் கடைக்கு இழுத்துப் போனார். அவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

“இங்கேர்ந்தே தெரியுதுடா,” என்றாள் அக்கா.

“டயருதான் தெரியுது. கதவு தெரியல. பார்க்காதத பார்த்ததா நான் எழுத மாட்டேன்.”

ஆள் உயரத்துக்கு டயர் அடுக்கி வைத்திருந்த கடைக்காரன் சிரித்தான். “மாலை போட்டுக் கூப்பிடணுமா?”

அக்கா மண்ணில் துப்பினாள். “எங்க மண்ணுல நான் நடக்க நீ யாருடா கூப்பிட?” என்று விறுவிறுவென உள்ளே வந்தாள். பின்னாலேயே தலைவரும் வந்தார். தாள் ஒட்டப்பட்டது; இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

விசாரணையில் கடைக்காரனின் வக்கீல் இரண்டு மணி நேரம் குடைந்தும் நோட்டீஸில் ஒரு ஓட்டை அகப்படவில்லை. கடை காலியானது.

சபதத்தை உடைக்க வைத்தவன் என்று மாமா கடைசிவரை அவரோடு பேசவில்லை. போன மாதம் பசைவாளி இறந்தார். கடை இருந்த இடத்திலேயே அவரைப் புதைக்கக் குழி வெட்டினார்கள். பாதி ஆழத்தில் கிழிந்த டயர் ஒன்று தட்டுப்பட்டது. யாரையும் தொடவிடாமல் மாமாவே குழியில் இறங்கி, அதைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.