ஹெட்போன் மேல் போட்ட பழி

நான் ஹெட்போன் வாங்கிய கதையை எடுத்தாலே என் மனைவிக்கு முகம் சுருங்கிவிடும். அதனால் அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து இதை எழுதுகிறேன்.

அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் நிட்டிங் பிரிவில் இருந்தேன். நூல் உள்ளே போய்த் துணியாக வெளியே வருகிற வட்ட மெஷின்கள் வரிசையாக ஓடும். பக்கத்தில் நிற்பவனோடு பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையைக் காட்ட வேண்டும். பதினோரு வருடம் அந்தச் சத்தத்தில் நின்றேன். ஊசி ஒன்று உடைந்தால், துணியில் கோடு விழுவது கண்ணில் படுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். இடது காதை மெஷினோடு ஒட்டிவைத்துக் கேட்பேன். "அவனுக்குப் பாம்புச் செவி" என்பார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

காதை முழுக்க மூடுகிற ஹெட்போன்தான் வேண்டும் என்ற ஆசை வந்ததே கம்பெனியால்தான். எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அதாவது பையர், சோதனைக்கு அனுப்பும் ஆடிட்டர் வருகிற நாளில் மட்டும் எங்களுக்குக் காதுமூடி கொடுப்பார்கள். மஞ்சள் நிறத்தில், புத்தம் புதிதாக இருக்கும். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அழுக்கானால் அடுத்த ஆடிட்டுக்கு ஆகாதாம். அந்த ஒரு நாள் மட்டும் மெஷின் சத்தம் பக்கத்து ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும். இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு வீட்டில் பாட்டுக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன், பிறகு அவள் பாட்டுக் கேட்பாள். லைன் வீடு என்பதால் அடுத்த வீட்டு டிவியும் எதிர்வீட்டுத் தையல் மெஷினும் எங்கள் வீட்டுக்குள்ளேதான் குடியிருந்தன. இரண்டு வேலைக்கும் ஆகிற மாதிரி ஒரே ஹெட்போன் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? காது மெத்தையைப் பிரித்து உள்பக்கத் தையலைப் பார்த்தேன். துணியை இரண்டு விரலால் இழுத்து, விட்டால் பழைய அளவுக்கு வருகிறதா என்று பார்த்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை தேடினேன்.

"ஏனுங்க, பனியனா வாங்கறீங்க? காதுல வெச்சுக் கேட்டுப் பாருங்க" என்றார் அவர்.

ஒப்புக்குக் கேட்டுவிட்டு, எதன் துணி நன்றாக இருந்ததோ அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கேமில் எதிரியின் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் திரும்பிச் சுட வேண்டும். வலது பக்கம் வருகிறவன் தெரிந்தான். இடது பக்கம் வந்தவன் ஒவ்வொரு முறையும் என்னைக் கொன்றான். இடது ஸ்பீக்கர் செத்துப்போய்விட்டது என்று கடைக்குப் போனேன். அவர் முகம் சுளிக்காமல் வேறு ஒன்று கொடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவது முறை போனபோது வாடிக்கையாளர்கள் நாலு பேருக்கு முன்னால், கழிவுச் சரக்கைத் தலையில் கட்டுகிறவன் என்று அவரைப் பேசிவிட்டேன். அவர் என் முன்னாலேயே அதை மாட்டிக் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தானுங்க கேக்குது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கேம் ஆடத் தெரியாததைச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு வார்த்தை திட்டினேன். அந்த மனிதரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவள் தலையில் மாட்டிவிட்டேன். அவள் கேம் ஆடியதே கிடையாது. திரையைப் பார்த்தபடி, "ஏனுங்க, எடது பக்கம் ஆரோ ஓடியாறாங்க" என்றாள். ஓடித்தான் வந்தான்.

மறுநாளே இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

காது டாக்டர் சோதித்துவிட்டு, இடது காது பெரும்பாலும் போய்விட்டது, வலதும் போய்க்கொண்டிருக்கிறது என்றார். நரம்பு போனால் திரும்பாது, சத்தத்தை விட்டு வெளியே வந்தால் மிச்சமாவது நிற்கும் என்றார்.

பேக்கிங் பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம் என்று டாக்டர் சீட்டோடு ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பிறகு ஒரு ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். வருடத்துக்கு ஒன்றாக என் பெயரில் காது பரிசோதனைச் சான்றிதழ்கள் இருந்தன. எல்லாவற்றிலும் இரண்டு காதும் இயல்பு. எல்லாவற்றிலும் கீழே என் கையெழுத்து.

ஆடிட்டுக்கு முந்தின நாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒரு கட்டுத் தாள் வரும். தீயணைப்புப் பயிற்சி, ஓவர்டைம் சம்மதம், இன்னும் என்னென்னவோ. சூப்பர்வைசர் விரலால் காட்டுகிற இடத்தில் நாங்கள் நின்றபடியே போட்டுத் தள்ளுவோம். திருப்பூரில் அதைப் படித்துப் பார்த்துப் போட்டவன் எவனையும் எனக்குத் தெரியாது.

"உங்க கையெழுத்துதானுங்களே?" என்றார் மேனேஜர், மிகவும் மரியாதையாக. "இப்பக் காது போச்சுன்னு மாத்தி உட்டா, இத்தனை வருசமும் பொய் எழுதினோம்னு ஆயிருமுங்க. ஆர்டரு போயிருச்சுன்னா எல்லாத்துக்கும்தான் பொழப்புப் போச்சு."

"ஆமாங்க" என்றேன். அவரை அறைந்திருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம்.

அன்று அவள் அழவில்லை. "இனிமேலு அந்தத் தாள்ல மட்டும் கையெழுத்துப் போடாதீங்க. வேலை போனாப் போகுது" என்றாள். போடமாட்டேன் என்று சொன்னேன்.

அடுத்த ஆடிட்டுக்கு முந்தின நாள் தாள்கள் வந்தன. வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒவ்வொன்றையும் படித்தேன். ஐந்தாவது தாளில் இடது காது இயல்பு, வலது காது இயல்பு என்று இருந்தது. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. சூப்பர்வைசர் விரலை வைத்த இடத்தில் போட்டேன்.

வீட்டில் அவள் கேட்டபோது, இந்த வருடம் அந்தத் தாள் வரவே இல்லை என்றேன்.