நின்று காட்டும் வாக்கு

ஜெர்மனியின் ஹெஸன் மாநிலத்துக்குத் தேர்தல் வந்த தை மாதத்தில், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் இடைவேளை அறையில், என்னோடு வேலை செய்யும் மோனிக்காவிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன். "உன்ர மனுசன் எந்தக் கட்சிக்குப் போடுவார்?" என்பதை எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் கேட்டேன். பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தவள் கத்தியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது. நான் கேட்பதில்லை" என்றாள். பேரப்பிள்ளை கண்ட தம்பதி அவர்கள். ஒரே வங்கிக் கணக்கு, ஒரே கார், விடுமுறைக்கு ஒவ்வொரு கோடையிலும் ஒரே கடற்கரை. ஆனால் வாக்குச்சீட்டில் போடும் அந்தப் புள்ளடி மட்டும் அவரவருக்குத் தனி. யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்பது அந்த வீட்டு நாய்க்கும் தெரிந்திருக்கும். இத்தனை வருடம் பிராங்பேர்ட்டில் இருந்தும் இந்த நாட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

மேசையின் மறுபக்கத்தில் லிண்டா இருந்தாள். இல்லத்துச் சமையலறையில் வேலை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்துச் சிறு பட்டினத்துக்காரி. இங்கிருந்த படைமுகாமொன்றுக்கு எழுதுவினைஞராக வந்து, ஒரு ஜெர்மன்காரரை மணம் முடித்துத் தங்கிவிட்டவள். "எங்கள் ஊரில் எல்லாரும் போய் நின்றே காட்டுகிறார்கள். கௌகஸ்" என்றாள். மோனிக்காவின் காதில் அது 'காக்டுஸ்' என்று விழுந்தது. ஜெர்மன் மொழியில் அது கள்ளிச்செடி. "கள்ளிச்செடியோடு நிற்கிறார்களா?" என்று அவள் உண்மையாகவே கேட்டாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் லிண்டாவின் முகம் களைத்துப்போயிற்று.

அவள் விளக்கினாள். ஜனாதிபதித் தேர்தலுக்கு முன், கட்சி தன் வேட்பாளர் யார் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பல மாநிலங்களில் அதற்கும் வாக்குச்சீட்டுத்தான். அவளுடைய ஊரிலோ, ஒரு குளிர்கால மாலையில், கட்சிக்காரர் எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வருவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. யாரை விரும்புகிறாயோ அந்த மூலையில் போய் நிற்க வேண்டும். ஒரு மூலையில் ஆட்கள் போதாவிட்டால் அந்த மூலை கலையும். மற்ற மூலைகளில் நிற்பவர்கள் "இங்கே வா, இங்கே வா" என்று பேர்சொல்லிக் கூப்பிடுவார்கள். லிண்டாவின் தங்கைக்கு அங்கே எங்களுடையதைப் போன்ற ஒரு முதியோர் இல்லத்தில்தான் வேலை. மாதக்கணக்காகத் தன் வேட்பாளரின் பலகையை வீட்டு முற்றத்தில் நட்டு வைத்திருந்தவள், அன்று மாலை வேலையில் மாட்டிக்கொண்டாள். தபாலில் போட முடியாது. இன்னொருவரை அனுப்ப முடியாது. "படுக்கையில் கிடக்கிறவர்களை விட்டுவிட்டு அவள் எப்படிப் போவாள்? வரக்கூடியவர்களுக்கு மட்டும் வாக்கு என்றால் அது என்ன வாக்கு?" என்று லிண்டா கேட்டாள்.

ஆனால் அவள் நேர்மையானவள். மற்றப் பக்கத்தையும் சொன்னாள். ஏறத்தாழ எல்லாருமே வெள்ளையரான அந்த மாநிலத்தில் இந்த முறை வென்றது ஒரு கறுப்பர். "அயலவர்கள் பார்த்துக்கொண்டிருக்க எழும்பி நடந்து அந்த மூலைக்குப் போயிருக்கிறார்கள். ஒளித்திருந்து போட்டதில்லை. என் அம்மா தொலைபேசியில் சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது." கோபமும் பெருமையும் ஒரே வாயிலிருந்து வந்தன. நான் தேநீரைக் குடித்துவிட்டு என் மாடிக்குத் திரும்பினேன். ஆனாலும் அந்த மண்டபம் என்னை விடவில்லை. என்னால் அப்படிப் போய் நிற்க முடியுமா என்று வேலை முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் வாக்கு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கிணற்றடியில் குந்தியிருந்த அப்பா. நான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். தேர்தலுக்கு ஒருவரும் போகக் கூடாது என்று ஒரு பகுதியினர் சுவரில் எழுதியிருந்தார்கள். போகாதவர்கள் யார் என்று பார்த்துக்கொள்வோம் என்று துவக்கோடு நின்ற இன்னொரு பகுதியினர் சொல்லியிருந்தார்கள். அப்பா கடலுக்குப் போகிறவர், அரசியல் பேசாதவர். ஆனாலும் போனார். திரும்பி வந்து, விரலில் பூசிய மையைப் போக்குவதற்குப் பின்னேரம் முழுவதும் தேசிக்காயும் சாம்பலும் போட்டு உரஞ்சினார். தோல் உரிந்தது, மை போகவில்லை. ஒரு கிழமை அந்த விரலில் சீலை சுற்றிக்கொண்டு, மீன்முள் குத்திவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னார். யாருக்குப் போட்டார் என்று அந்த மை சொல்லாது. போனார் என்று மட்டுமே சொல்லும். அதற்கே அவ்வளவு பயம் என்றால், யாருக்கென்று நின்று காட்டுவதை அவர் எப்படித் தாங்கியிருப்பார்!

அடுத்த மாதமே எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் பொதுக்கூட்டம் வந்தது. ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்கு எடுத்திருந்தார்கள். வழக்கத்தில் தலைவர் தெரிவு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். யாராவது அருளானந்தம் அண்ணையின் பேரைச் சொல்வார், எல்லாரும் கையை உயர்த்துவோம். அண்ணை கெட்டவரல்ல. பலசரக்குக் கடை வைத்திருப்பவர். புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு, விசா கொடுக்கும் அந்நியர் அலுவலகத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர். திருமுழுக்கின்போது எங்கள் மகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். அந்த வருடம் முதல்முறையாக இன்னொரு பேர் வந்தது, புஷ்பம் அக்கா. விமானநிலையத்தில் பயணிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். அவருடைய கோரிக்கை ஒன்றுதான். சனிக்கிழமை வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் தமிழ் படிக்க வழியில்லாமல் நிற்கிறார்கள். வாரநாளில் பின்னேர வகுப்பொன்று வேண்டும். அண்ணை அதற்கு உடன்படவில்லை. ஆண்டுவிழா ஒத்திகைக்கே ஆசிரியர்கள் போதாது என்றார்.

எப்படித் தெரிவுசெய்வது என்று பேச்சு வந்தபோது கார்த்திக் எழுந்தார். சென்னைக்காரர், கணினி நிறுவனமொன்றில் வேலை, பிள்ளையைச் சேர்த்து ஒரு வருடம்தான் இருக்கும். "சார், அமெரிக்கால இப்ப நடக்குதே, அந்த மாதிரி பண்ணலாமே. ஆளுக்கு ஒரு பக்கம் நிக்கலாம். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பேசட்டும். ஓப்பனா இருக்கும், ஒளிவு மறைவே இல்ல." அவர் சொன்னதில் கள்ளம் இல்லை. புதுமை என்று எல்லாருக்கும் பிடித்தும் போயிற்று. துண்டுக் கடதாசியில் எழுதிப் போடலாமே என்று நான் சொன்னேன். "நாங்கள் என்ன ஆளையாள் தெரியாத சனமோ, பிள்ளை? எங்களுக்குள்ள என்ன ஒளிப்பு?" என்று அருளானந்தம் அண்ணை சிரித்தார். மண்டபமும் சிரித்தது.

ஒரு நன்மை நடந்தது, அதை மறைக்கக் கூடாது. அந்தச் சங்கத்தில் முதல்முறையாக ஒரு பெண் எழுந்து நின்று, தனக்கு என்ன வேண்டும் என்று இடைமறிப்பு இல்லாமல் பேசினார். சிலர் தலையாட்டிக் கேட்டார்கள். கையை உயர்த்திவிட்டு வடைக்குப் போகும் கூட்டத்தில் அது நடந்திருக்காது.

பிறகு, "அண்ணைக்கு மேடைப் பக்கம், அக்காவுக்கு யன்னல் பக்கம்" என்று சொன்னார்கள். கதிரைகள் இழுபட்டன. நான் யன்னல் பக்கம் போனேன். என்னோடு வருகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் தாசன் மேடைப் பக்கம் நின்றார். ஞானத்தகப்பன் உறவு. யாரோ, "வீட்டுக்குள்ளையே ரெண்டு கட்சி!" என்று பகிடி விட்டார்கள். தாசனும் சிரித்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

புஷ்பம் அக்காவின் பக்கத்துக்கு வரவேண்டியவர்களில் பாதிப்பேர் மண்டபத்திலேயே இல்லை. அவர்களுக்கு அன்று விமானநிலையத்திலும் ஹோட்டல்களிலும் வேலை. ஒருத்தி வேலையிலிருந்தே கூப்பிட்டாள். அக்கா தன் கைத்தொலைபேசியை, இங்கத்தைய பேச்சில் 'ஹண்டி'யை, உயர்த்திப் பிடித்து, "ராணி ஹண்டியில நிக்கிறா. தன்னையும் சேக்கச் சொல்லுறா" என்றார்.

"ஆள் நேர நிக்கோணும் அக்கா. அதுதானே முறை" என்று மேடைப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நேர நிக்கேலாத ஆக்களுக்குத்தானே இந்த வகுப்பையே கேக்கிறன்" என்றார் அக்கா. ராணியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதன்பிறகு கூப்பிடல் தொடங்கியது. முதலில் விளையாட்டாகத்தான். "செல்வி, இஞ்சால வாரும், உம்மட மனுசன் தனிய நிக்கிறார்." என்னருகே நின்ற செல்வி நிலத்தைப் பார்த்தாள். அவள் கணவர் அவள்மேல் வைத்த பார்வையை எடுக்கவில்லை. அவள் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு ஒரு தம்பதி, "அண்ணை எங்களுக்கு விசாவுக்கு அலைஞ்சவர்" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். போகிறவர்கள் ஒவ்வொருவரும் அக்காவைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் அந்த இடத்தில் தலையைக் குனிந்தார்கள். மேடைப் பக்கம் போன செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

புஷ்பம் அக்கா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மண்டபத்தின் நடுவால் நடந்து, மேடைப் பக்கம் போய் அருளானந்தம் அண்ணைக்குப் பக்கத்தில் நின்றார். "சரி. நானும் அண்ணையின்ர பக்கம்தான். எல்லாரும் வாங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றார். கைதட்டல் எழுந்தது. அதை ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டார்கள். யன்னலடியில் நானும், குழந்தையைத் தூக்கிவைத்திருந்த ஒரு புதுப் பெண்ணும் மட்டும் நின்றோம். எங்கே போவது என்று தெரியாமல் அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

பாத்திரம் கழுவும்போது அக்காவிடம், "ஏனக்கா விட்டுக்குடுத்தனீங்கள்? எண்ணியாவது இருக்கலாமே" என்று கேட்டேன்.

"தோக்கிறது எனக்குப் பெரிசில்லை, ரெஜினா. சனம் என்ர முகத்தைப் பாக்கேலாமல் போச்சுதே, அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்க ஏலாமல் கிடந்தது. நாளைக்கும் நான் அந்தப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கோணும், அதுகளின்ர தாய்மாரோட கதைக்கோணும்." கையைத் துடைத்துக்கொண்டு அவர் இரவு வேலைக்குப் போனார். வாரநாள் வகுப்பு வரவில்லை. அடுத்த கோடை விடுமுறைக்குப் பிறகு அக்காவும் படிப்பிக்க வரவில்லை. வேலை நேரம் மாறிவிட்டது என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்று எஸ்-பான் ரயிலில் தாசனும் நானும் எதிரெதிரே இருந்தோம். மகள் அவர் தோளில் நித்திரை. பல தரிப்புகள் கடந்தபின் அவரே தொடங்கினார். "கோவமோ?"

"இல்லை. களைப்பு."

"அந்த மனுசன்ர முகத்துக்கு நேர என்னால எதிர்ப்பக்கம் நிக்க ஏலாது. உனக்குத் தெரியும்தானே."

"நான் சொன்ன மாதிரித் துண்டில எழுதச் சொல்லியிருந்தால்?"

அவர் வெளியே பார்த்தார். "துண்டில எண்டால் அக்காவுக்குத்தான்" என்றார்.

என் மனிதர் கோழையல்ல. சனத்தின் மேல் பாசமானவர். அந்தப் பாசத்தையே பிடித்து இழுக்கும் ஒரு முறை அது. லிண்டாவின் ஊரில் சிலருக்குத் துணிவு கொடுத்த அதே மண்டபம் எங்கள் சனத்தின் தலையைக் குனிய வைத்தது. நன்றிக்கடனும் உறவும் பயமும் குறைந்தவர்களுக்கு அது நீதியான முறையாக இருக்கலாம். எங்களிடம் அவை மூன்றும் நிறைய இருக்கின்றன. நடந்ததை லிண்டாவிடம் சொன்னேன். "என் தங்கைக்கு எழுதுகிறேன், அவளுக்கு விளங்கும்" என்றாள்.

அடுத்த வருடம் ஊரில் சண்டை முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை இங்கே எழுத எனக்கு இயலாது. அந்தக் கோடையில் யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் வைத்தார்கள். குருநகரிலிருந்து சின்னம்மாவின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, உங்கட பேருக்கும் வாக்காளர் அட்டை வந்திருக்குது. பட்டியலில இருந்து இன்னும் வெட்டேல்லை. என்ன செய்யிறது?" நான் அங்கிருந்து புறப்பட்ட காலத்தில் பிறந்திராத பிள்ளை அவள். "கிழிச்சுப் போடு, இல்லாட்டி வேற ஆரும் கொண்டுபோய் வாக்குப் போடுவினம்" என்றேன். "கிழிக்க மனமில்லையக்கா" என்றாள். அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதாகப் பிறகு சொன்னாள்.

புரட்டாதியில் இங்கே நாடாளுமன்றத் தேர்தல். ஜெர்மன் குடியுரிமை எனக்கு இல்லாதபடியால் வாக்கும் இல்லை. எங்கள் இல்லத்தில் பிராவ் ஹார்ட்மன் என்றொரு மூதாட்டி. கண் பார்வை ஏறத்தாழ இல்லை, கையும் நடுங்கும். தபால் வாக்கு வேண்டாம், நேரே போய்ப் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உதவிக்கு யாரையும் அவர் தெரிவுசெய்துகொள்ளலாம் என்று மேசையில் இருந்தவர் சொன்னார். "இவளை" என்றார் பிராவ் ஹார்ட்மன். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கும் சொல்லிவிட்டு, அந்த மனிதர் வழிவிட்டார்.

மறைப்புக்குள் இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. நான் குனிந்து, சீட்டிலிருந்த பேர்களை ஒவ்வொன்றாக அவர் காதோடு வாசித்தேன். ஒன்றில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் பென்சிலை எடுத்து, அந்தப் பேருக்குரிய வட்டத்துக்குள், கோடு வெளியே போகாமல், மெதுவாகப் புள்ளடி போட்டேன்.