வக்கீலம்மா எடுத்த மருந்துப் படிப்பு

எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் மாத்திரை முழுங்க வராது. சிரிக்காதீங்க. சோத்து உருண்டை எவ்வளவு பெருசா இருந்தாலும் உள்ளே போயிடும், மொச்சைக்கொட்டை அளவு மாத்திரை மட்டும் தொண்டையில நின்னுக்கிட்டு வழிவிடாது. எங்க அண்ணனுக்கு அப்படி, எனக்கு அப்படி, எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பாவத்துக்கு அண்ணிக்கும் அந்த வியாதி ஒட்டிக்கிச்சு. அதனால எங்க அடுப்படியில ஒரு சின்ன உரல் உண்டு. மிளகு இடிக்கன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க, அது மாத்திரை இடிக்க மட்டும். காய்ச்சல் மாத்திரையோ தலைவலி மாத்திரையோ, நச்சுன்னு நாலு இடி, ஒரு ஸ்பூன் சர்க்கரை, கண்ணை மூடிக்கிட்டு வாயில கொட்டிக்கிட்டா வேலை முடிஞ்சுது. இத்தனை வருஷமா இப்படித்தான் ஓடுச்சு. இதுல ஒரு தப்பு இருக்கும்னு எங்களுக்குக் கனவுலகூடத் தோணல.

அண்ணன் லாண்டரிக்கடை வச்சிருக்காரு. கீழே கடை, மேலே வீடு. துணியை வாங்கிச் சீட்டுக் கட்டிப் போடுற வேலை என்னோடது. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்துல இருக்கிறதால டாக்டருங்க கோட்டு நிறைய வரும். சட்டை, பேண்ட்டு, படுக்கை விரிப்பு எல்லாம் வேலையாளுங்க தேய்ப்பாங்க. வெள்ளைக் கோட்டுல மட்டும் அண்ணன் யாரையும் கை வைக்க விடமாட்டாரு. காலரைத் திருப்பிப் போட்டு, கஞ்சியை அளவா வச்சு, பட்டனைச் சுத்தியும் இஸ்திரி முனையை ஓட்டி, அவரே தேய்ச்சு அவரே மாட்டுவாரு. எதுக்கு இந்தச் சடங்குன்னு யாராவது கேட்டுட்டாப் போதும், நாளைக்கு என் பொண்ணு கோட்டைத் தேய்க்கணுமே, இப்பவே கை பழகட்டும்னு சொல்லுவாரு. இப்படிச் சொல்லிச் சொல்லியே தெருவுல பாதிப் பேருக்கு அவ டாக்டர் ஆயாச்சு. அப்போ அவ எட்டாவதுதான் படிச்சுக்கிட்டு இருந்தா.

அந்த ஒத்தப் பொண்ணுக்கு நாங்க வச்ச பட்டப்பேரு வக்கீலம்மா. ஏன்னா அவகிட்ட எதையும் சும்மா சொல்லிட்டுப் போக முடியாது. வெயில்ல போகாதேன்னா எந்த வெயில்னு கேப்பா. துணியில நீலம் போட்டா ஏன் வெள்ளையாகுது, நீலமாத்தானே ஆகணும்னு, அத்தைன்னுகூடப் பார்க்காம ஒரு நாள் முழுக்க என்னைக் கூண்டுல ஏத்தி விசாரிச்சா. எனக்கு என்ன தெரியும், அப்படித்தான் ஆகும், போடின்னு விரட்டிவிட்டேன். வக்கீல்னு பேரு வச்சு, டாக்டராக்க ஆசைப்பட்டு, கடைசியில ரெண்டும் இல்லாத ஒண்ணுக்காக அவ ஒத்தக் கால்ல நின்ன கதையைத்தான் சொல்ல வர்றேன்.

அவ பள்ளிக்கூடத்துல கடைசி வகுப்பு படிச்சப்போ அண்ணனுக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாத்திக் கொடுத்தாங்க. முன்னே காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. புதுசு ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். நல்லதாப் போச்சு, ஒரு தடவை இடிச்சாப் போதும்னு அண்ணி சந்தோஷப்பட்டாங்க. முதல் நாள் அண்ணிக்குக் கை ஒழியல, பள்ளிக்கூடம் கிளம்பின பொண்ணு சீருடையோட வந்து அதை இடிச்சு, சர்க்கரை போட்டுக் கொடுத்துட்டுப் போனா.

கொஞ்ச நேரத்துல அண்ணன் தேய்க்கிற மேசைகிட்ட நின்னவரு அப்படியே மடங்கி விழுந்தாரு. வேலையாள் ஒருத்தன் இஸ்திரிப்பெட்டியைத் தட்டிவிட்டான், இல்லேன்னா மூஞ்சி வெந்திருக்கும். நான் ஓடிப்போய்க் கையைப் பிடிச்சேன், ஜில்லுன்னு இருந்துச்சு, சட்டையெல்லாம் வேர்வை. எனக்கு உயிரே போயிடுச்சு. அண்ணே, அண்ணேன்னு கூப்பிடுறேன், மனுஷன் கண்ணைத் திறந்து பார்க்குறாரு, ஆனா என்னைத் தெரியல.

ஆஸ்பத்திரியில வரிசையாக் கேள்வி கேட்டாங்க. மாத்திரையை எப்படிச் சாப்பிட்டாருன்னு கேட்டப்போ, பள்ளிக்கூடத்துலேருந்து ஓடிவந்த பொண்ணு முன்னே வந்து நான்தான் இடிச்சுக் கொடுத்தேன்னு சொன்னா. அந்த டாக்டர் திட்டல. பழைய மாத்திரையை இடிச்சாலும் ஒண்ணும் ஆகாதாம். இந்தப் புதுசு ஒரு நாள் பூரா வயித்துக்குள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கரையணுமாம். இடிச்சதும் ஒரு நாள் மருந்தும் ஒரே மூச்சுல ரத்தத்துல இறங்கி அழுத்தத்தைத் தரைமட்டமாக்கிடுச்சு. நல்லவேளை, உடனே தூக்கிக்கிட்டு வந்தீங்கன்னாரு. அண்ணன் பிழைச்சு எழுந்து வீட்டுக்கு வந்துட்டாரு. யானைக்கும் அடி சறுக்கும்னு நாங்க அதோட விட்டுட்டோம். வேற மாத்திரை எழுதி வாங்கியாச்சு, அந்தப் பேச்சை எடுக்கவே கூடாதுன்னு அண்ணன் உத்தரவு போட்டாரு.

அவ விடல. ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்காம இருந்தா. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அடுப்படிக்குப் போறேன், என்னோட காப்பி டம்ளரும் அண்ணியோட டம்ளரும் ஜன்னல்ல உக்காந்திருக்கு. மிச்சமிருந்த அந்த மாத்திரையில ஒண்ணை இடிச்சு ஒரு டம்ளர் தண்ணியில போட்டிருக்கா, இன்னொண்ணை முழுசா இன்னொரு டம்ளர்ல. இடிச்சது போட்ட சுருக்குல கலங்கிடுச்சு. முழுசு அசையல. விஷத்தை டம்ளர்ல கலக்கி வச்சிருக்கியே, அறிவிருக்காடின்னு நான் வாயில வந்தபடி கத்தினேன். அவ காதுலயே வாங்கல. சாயங்காலம் என்னை இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டினா. முழு மாத்திரை ஊறின ஜவ்வரிசி மாதிரி ஓரத்துல வழவழன்னு ஊதியிருந்துச்சு. உள்ளே நடுவுல இன்னும் கெட்டியா இருந்துச்சு. அந்த வழவழப்புதான் மருந்தை உள்ளே பிடிச்சு வச்சுக்கிட்டு, சொட்டுச் சொட்டா வெளியே விடுதுன்னு சொன்னா.

"அத்தை, இதை யாரோ உக்காந்து யோசிச்சுச் செஞ்சிருக்காங்க. எப்போ வெளியே வரணும், எவ்வளவு வரணும்னு யோசிச்சிருக்காங்க. நமக்கு அது தெரியவே இல்ல."

அவ முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரமா இருந்த அந்தச் செத்த களை காணோம். எனக்கு அப்போ அது பெருசாப் படல, டம்ளரை நல்லாக் கழுவி வைன்னு மட்டும் சொன்னேன்.

பரீட்சை முடிவு வந்துச்சு. டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கிற மார்க்கு. அண்ணன் அன்னிக்குக் கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் சும்மாவே தேய்ச்சுக் கொடுத்தாரு. மேலே வந்து சோறு சாப்பிட உக்காந்தப்போதான் அவ வாயைத் திறந்தா. எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம், மருந்தியல் படிக்கிறேன், மருந்தை எப்படி உண்டாக்குறாங்கன்னு சொல்லித் தர்ற படிப்பு, நாலு வருஷம்னா. அண்ணி பிசைஞ்ச சோத்தைத் தட்டுலயே வச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் வீடு வீடா இல்ல. அண்ணி அழுதாங்க, கெஞ்சினாங்க, சொந்தக்காரங்களைப் போன்ல கூப்பிட்டு அறிவுரை சொல்ல வச்சாங்க. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, கடைக்கு வர்றவங்க ஆளாளுக்கு, கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையேன்னு உச்சுக் கொட்டினாங்க. நானும் சும்மா இருக்கல. அவ்வளவு படிச்சுட்டு மருந்துக்கடையில நின்னு மாத்திரையைப் பட்டை பட்டையாக் கத்தரிச்சுக் கொடுக்கப் போறியான்னு கேட்டேன். உடனே வக்கீல் ஆரம்பிச்சுட்டா. டாக்டர் சீட்டு எழுதுறாரு, சரி, அந்த மருந்து எங்கேருந்து வருதுன்னு கேட்டா. கடையிலேருந்துன்னேன். கடைக்கு எங்கேருந்து வருதுன்னா. கடையில நிக்கிறதும் லேசான வேலை இல்ல அத்தை, இதை இடிக்கக் கூடாதுன்னு அங்கே ஒருத்தர் கேட்டுச் சொல்லியிருந்தா அப்பா விழுந்திருக்க மாட்டாருன்னு சொன்னப்போ குரல் கொஞ்சம் உடைஞ்சுது. ஆனாலும் நிறுத்தல.

சும்மா வாயால அடம் பிடிக்கிற கழுதையும் இல்ல அவ. பல்கலைக்கழகத்துல வெளியாளுங்க வந்து பார்க்கலாம்னு ஒரு நாள் விடுவாங்களாம், யாரையும் கேக்காம தனியா பஸ் ஏறிப் போயிட்டு வந்தா. மாத்திரை அச்சடிக்கிற இயந்திரம், அதுக்கு மேல்பூச்சுப் பூசுற சட்டி, கரையுதா இல்லையான்னு பார்க்குற கண்ணாடிப் பாத்திரம் எல்லாம் பார்த்திருக்கா. நான் டம்ளர்ல செஞ்சதைத்தான் அத்தை அவங்க பாத்திரத்துல செய்றாங்கன்னு சொல்லிக் குதிச்சா. முழுங்க முடியாதவங்களுக்குன்னே நாக்குல வச்சதும் கரையுற மாத்திரை, பானமாக் குடிக்கிற மருந்துன்னு ஆராய்ச்சி நடக்குதாம். என்ன பாடம், எங்கே வேலை, கணக்குப் பாடம் எவ்வளவு வரும்னு அங்கிருந்த வாத்தியாருங்களைக் குடைஞ்சு எடுத்திருக்கா. அவங்க பாவம்.

தினம் சாயங்காலம் அண்ணன் தேய்க்கிற மேசைக்கு எதிர்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்து இதையெல்லாம் சொல்லுவா. அண்ணன் கோட்டுலேருந்து கண்ணை எடுக்கமாட்டாரு. அந்தப் படிப்புலயும் வெள்ளைக் கோட்டுதான் அண்ணே போடுவாங்களாம்னு நான் ஒரு நாள் சமாதானத்துக்குச் சொல்லிப் பார்த்தேன். அது வேற கோட்டுன்னாரு. நீ பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னா, உன் பொண்ணு பிடிச்ச முயலுக்கும் மூணு காலுதான், அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கான்னு சொல்லிட்டேன். கோபத்துல சொன்னதுதான். அவரு இஸ்திரிப்பெட்டியை நிமித்தி வச்சுட்டு உக்காந்துட்டாரு. அப்போதான் மனசுல இருந்தது வெளியே வந்துச்சு.

"கோட்டு கிடக்குது விடு. எனக்கு அவ விஷம் வச்சுட்ட மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்கா. அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்தப் படிப்பு. நான் ஒரு நாள் விழுந்ததுக்கு என் பொண்ணு ஆயுசு முழுக்கத் தண்டனை அனுபவிக்கணுமா?"

வீம்புக்கு நிக்கிறாருன்னு நினைச்சேனே, மனுஷன் உள்ளுக்குள்ள இப்படி வெந்துக்கிட்டு இருந்திருக்காரு. இல்லேன்னு சொல்லவும் எனக்குத் தைரியம் வரல. அப்படியும் இருக்குமோன்னு எனக்கே ஒரு சந்தேகம் வந்துடுச்சு.

படிப்புக்கு இடம் ஒதுக்குற நாள் வந்துச்சு. பெரிய மண்டபம். மார்க்கு வரிசைப்படி கூப்பிடுவாங்க, மேசைக்குப் போய் எந்தப் படிப்புன்னு வாயால சொல்லணும், சொன்னா சொன்னதுதான், மாத்த முடியாது. அண்ணி வரமாட்டேன்னுட்டாங்க. நாங்க மூணு பேர் போனோம். பஸ்ல அப்பாவும் பொண்ணும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு வந்தாங்க, நடுவுல நான் உக்காந்திருந்தேன்.

மண்டபத்துல நாற்காலியில காத்திருக்குறப்போ அண்ணன் மெதுவா ஆரம்பிச்சாரு. எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லா இருக்கேன், நீ எனக்கு எதுவும் ஈடு கட்ட வேண்டாம், உனக்குன்னு ஒரு வாழ்க்கையை எடுத்துக்கோன்னு சொன்னாரு. இத்தனை நாளா அவளை எதிர்த்தது எதுக்குன்னு அவளுக்கும் அப்போதான் புரிஞ்சுது. எதையும் எதிர்வாதம் பண்ணி ஜெயிக்கிறவ, அன்னிக்கு வார்த்தைக்குத் தடுமாறினா.

"முதல்ல அப்படித்தான்பா இருந்துச்சு. பயமா, குத்தமா, உங்க மூஞ்சியைப் பார்க்க முடியாம இருந்துச்சு. ஆனா டம்ளர்ல அது கரையுறதைப் பார்த்த அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. நீங்க விழுந்ததாலதானே இது என் கண்ணுல பட்டுச்சு? அதுல போய்ச் சந்தோஷப்படுறேனேன்னு வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் பிடிச்சிருக்குன்னு உங்ககிட்ட ஒரு தடவைகூடச் சொல்லல. பிடிச்சிருக்குப்பா. ரொம்பப் பிடிச்சிருக்கு."

அண்ணன் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவ எண்ணைக் கூப்பிட்டுட்டாங்க. மூணு பேரும் மேசைக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மார்க்கைப் பார்த்தாரு, டாக்டர் படிப்புல இன்னும் இடம் இருக்கும்மா, நல்ல நேரத்துல வந்திருக்கேன்னாரு. மருந்தியல் போடுங்க சார்னு அவ சொன்னா. குரல் நடுங்கல. அதிகாரி கண்ணாடியைக் கழட்டிட்டு, நல்லா யோசிச்சுச் சொல்லு, இந்த மார்க்குல யாரும் இதை எடுக்க மாட்டாங்க, அப்புறம் அழுது பிரயோஜனமில்லன்னாரு. யோசிச்சுட்டேன் சார்னா. அவரு அதோட விடாம அண்ணனைப் பார்த்து, நீங்கதானே அப்பா, நீங்க சொல்லுங்க, இவ சொல்றதை எழுதிடவான்னு கேட்டாரு.

பொண்ணு திரும்பி அப்பாவைப் பார்க்கல, மேசை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு நேரா நின்னா. அண்ணன் ஒரு எட்டு முன்னே வந்து அவ பக்கத்துல நின்னாரு.

"எழுதிக்கோங்க சார். இவளுக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும்னா நான் இன்னொரு தடவைகூட விழுந்துட்டுப் போறேன்."

அந்த அதிகாரிக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. எங்க மூணு பேர் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவ சொன்னதை எழுதினாரு.